இன்ஜின் நன்றாக இருக்கிறதாம்!

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு நம் ஊரில் ஓர் உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். மாமா சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார், கூட வரும் மெக்கானிக் சொல்வார், புரோக்கர் கேட்காமலே சொல்வார்: "இன்ஜின் நல்லா இருக்கான்னு பாரு. பாடியெல்லாம் டிங்கரிங் பண்ணிக்கலாம்." உடனே பானட்டைத் திறந்து ஆளாளுக்குக் காதை வைப்பார்கள். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார்கள். சைலன்சர் புகையின் நிறத்தைப் பற்றி ஒரு சிறு கருத்தரங்கமே நடக்கும். தரையில் முழங்காலிட்டு வண்டிக்கு அடியில் தலையை நீட்டுகிறவர் மட்டும் இருக்க மாட்டார். உடுப்பு அழுக்காகும் என்பது ஒரு காரணம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிய காரணம்.

அந்த நம்பிக்கை தவறு. அந்த உபதேசம் தலைகீழ். பதினைந்து வயதைத் தாண்டிய காரில் எளிதாகச் சரிசெய்யக்கூடிய பகுதி இன்ஜின்தான். அந்த வயதில் ஒரு காரைக் காயலான் கடைக்கு அனுப்பிவைப்பது பெரும்பாலும் அதன் பாடி. அதுவும் கண்ணுக்குத் தெரிகிற பாடி கிடையாது. பெயின்ட்டுக்குப் பின்னால், கார்பெட்டுக்கு அடியில், கதவுக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் இருக்கிற பாடி.

இந்த உபதேசம் லாரி, பஸ் உலகத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே அது நியாயமான பேச்சு. கம்பெனியிலிருந்து வருவது சேஸும் இன்ஜினும்தான். அதன்மேல் கரூரில் பஸ் பாடி கட்டுவார்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவார்கள். சில வருடம் ஓடி பாடி இத்துப்போனால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கீழே கனமான இரும்புச் சட்டம் அப்படியே இருக்கும். பாடி என்பது அங்கே போட்டுக் கழற்றும் சட்டை மாதிரி.

காரில் அப்படிக் கழற்ற முடியாது. நாம் வாங்கி விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேஸ் என்று ஒன்றே கிடையாது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக்கி, ஆயிரக்கணக்கான இடங்களில் ஸ்பாட் வெல்டிங் வைத்துச் சேர்த்தால் வருகிற கூடுதான் வண்டியின் எலும்பு, தோல் எல்லாமே. மோனோகாக் என்று இதற்குப் பெயர். மாருதி 800 அப்படித்தான், சான்ட்ரோ அப்படித்தான், இண்டிகாவும் அப்படித்தான். "அம்பாசிடர்னா சேஸ் கெட்டி சார்" என்று சொல்கிறவர்கள் சற்று உட்கார்ந்துகொள்வது நல்லது: மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழியில் வந்த அம்பாசிடருக்கும் தனிச் சேஸ் கிடையாது. ஃபியட் 1100 வழியில் வந்த பிரீமியர் பத்மினிக்கும் கிடையாது. ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சீட், சீட் பெல்ட், இன்ஜின் எல்லாமே இந்தத் தகட்டுப் பெட்டிகளைப் பிடித்துத்தான் தொங்குகின்றன. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியை நம் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்கிறார்கள். பேரைக் கேட்டால் கால்வைக்கும் பலகை என்று தோன்றும். உண்மையில் வண்டி நடுவில் வளையாமல் இருப்பதற்கு அந்த இரண்டு பெட்டிகளும் பெரிய காரணம்.

நல்ல இன்ஜினை நம்பியவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு மோட்டார் வரலாற்றிலேயே ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. தனிச் சேஸ் இல்லாமல் கூட்டையே எலும்பாக்கிய முன்னோடிக் கார், 1922-இல் இத்தாலியின் லான்சியா கம்பெனி காட்டிய லாம்ப்டா. அதே கம்பெனி 1972-இல் பீட்டா என்ற காரைக் கொண்டுவந்தது. இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜின், ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் முன்பக்க இன்ஜினைத் தாங்கும் சப்ஃப்ரேம் பாடியோடு சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கித் தகடு அரித்தது. பிரிட்டனில் விவகாரம் பத்திரிகைக்கு வந்து, 1980-இல் கம்பெனியே கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கும் நிலைமை ஏற்பட்டது. அந்த நாட்டில் லான்சியாவின் பெயர் அதற்குப் பிறகு எழவே இல்லை. 1994-இல் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கார்களிலும் இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது.

"அதெல்லாம் வெளிநாடு. அங்கே பனிக்கு ரோட்டில் உப்பு போடுவான். நமக்கு என்ன?" இதுதான் அடுத்த வாதம். சொல்கிறவர் சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். தமிழ்நாட்டுக்குக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அலை உடைந்து தெறிக்கும் நுண்துளியில் உப்பு இருக்கிறது, காற்று அதைக் கொண்டுவந்து தகட்டின் இடுக்கில் வைக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தொட்டால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகும். மழை வேண்டாம், வாட்டர் சர்வீஸ் வேண்டாம். கடற்கரை ஊர்களில் விடியற்காலையில் அந்த அளவைத் தொடாத நாள் குறைவு. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பு சேர்ந்தால் மின்னோட்டம் எளிதாகி, அதே வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். வெளிநாட்டுக்காரனுக்கு நாலு மாதம்தான் உப்பு. பெசன்ட் நகரிலும் தூத்துக்குடியிலும் அதற்கு லீவே கிடையாது.

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கத்து வண்டிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆர்.சி. புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்பது. நாமோ நம்பர் கூட்டினால் ஒன்பது வருகிறதா என்று பார்க்கிறோம். டி.என். 51 என்றால் நாகப்பட்டினம், 65 என்றால் ராமநாதபுரம், 69 என்றால் தூத்துக்குடி. ராசி பார்க்கிற கண்ணால் கடலையும் கொஞ்சம் பார்க்கலாம்.

கடலே இல்லாத ஊரிலும் துருவை வரவழைக்க நம்மிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது. முதலாவது ஏ.சி. காற்றைக் குளிர்விக்கும்போது திரளும் நீர் ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியாக ரோட்டில் சொட்ட வேண்டும். குழாய் தூசியில் அடைத்துக்கொண்டால் அந்த நீர் டாஷ்போர்டுக்கு அடியில், முன் சீட்டில் உட்காருகிறவரின் காலடியில் இறங்கும். கார்பெட்டுக்குக் கீழே தடிமனான பஞ்சு இருக்கிறது. அது நீரைக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு புழுங்கல் வாடை வரும், அதற்கு நாம் டாஷ்போர்டில் ஒரு வாசனைப் புட்டி வைப்போம். போதாக்குறைக்கு, புது வண்டி வாங்கிய கையோடு கார்பெட்டின்மேல் ரெக்சின் ஃப்ளோரிங் ஒட்டிக்கொள்வது இங்கே வழக்கம். கழுவ வசதி என்பார்கள். கீழே இறங்கிய நீர் மேலே ஆவியாகிப் போகவும் வழியை அடைத்துவிடுகிற வசதி அது.

இரண்டாவது, வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளம். வேப்பிலையும் புங்க இலையும் விழுந்து மக்கி, நீர் வடியும் துளையை அடைக்கும். மூன்றாவது, பின்விளக்கின் ரப்பர் காய்ந்து வெடித்து, டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழியில் மழைநீர் தேங்குவது. நான்காவது, பழைய பேட்டரியின் அமிலம் வழிந்து அதன் தட்டை அரிப்பது. ரன்னிங் போர்டுப் பெட்டிக்கும் கதவுக்கும் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். சேறு அதை அடைத்தால் பெட்டி தொட்டியாகும். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: அரிப்பு உள்ளிருந்து வெளியே வருகிறது. கதவின் கீழ்விளிம்பில் பெயின்ட் ஒரு சின்னக் கொப்புளமாக எழும்பினால், "லேசா துரு ஆரம்பிச்சிருக்கு" என்கிறோம். ஆரம்பம் எங்கே? உள்பக்கத்தில் தகடு தீர்ந்து, கடைசியாக மிச்சமிருந்த படலத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் கொப்புளம்.

"டாக்டர் வச்சிருந்த வண்டி, இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்ற புகழ்பெற்ற வாக்கியத்துக்கு வருவோம். இருபது வருடத்தில் இருபதாயிரம் கிலோமீட்டர் என்றால் அந்த வண்டி வாழ்நாளின் பெரும்பகுதியை நின்றே கழித்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே நின்றது? மர நிழலில், மண் தரையில், கவர் போட்டு. மண்ணிலிருந்து எழும் ஈரத்தைக் கவர் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஓடுகிற வண்டியில் இன்ஜின் சூடும் காற்றும் இடுக்குகளைக் காயவைக்கின்றன. நிற்கிற வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. கிலோமீட்டர் மீட்டர் இன்ஜினின் தேய்மானத்தைத்தான் சொல்லும், அதையும் திருப்பிவைக்காமல் இருந்தால். தகடு மாதக் கணக்கில் வயதாகிறது. அதை அளக்க டாஷ்போர்டில் மீட்டர் இல்லை.

வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் தனி அத்தியாயம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் சீட் மட்டத்துக்கு நீரில் நின்றன என்பதை நேரில் பார்த்திருக்கிறோம். அவை அனைத்தும் பழைய இரும்பாகிவிடவில்லை. சீட்டைக் கழற்றிக் காயவைத்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, நன்றாக ஓடவும் செய்த வண்டிகள் கைமாறிப் பல ஊர்களுக்குப் போயின. இன்ஜினை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு அந்த இன்ஜின் உண்மையையே சொல்லியிருக்கும். ரன்னிங் போர்டுக்குள் தங்கிய சேறு சொல்லாமல் விட்டதைச் சில வருடம் கழித்துத் தகடு சொல்லும்.

"அந்தக் காலத்துத் தகடு சார், கனம்" என்பவர்களுக்கும் பதில் உண்டு. கனம் உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் இல்லாத மூன்று காவல்கள் பிறகு வந்தன. ஒன்று, முழுக் கூட்டையும் பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி இடுக்கெல்லாம் படியவைக்கும் முறை; அது 1960களில் தொடங்கி, அதைவிடச் சிறந்த கேத்தோடு வகை 1976 முதல் பரவியது. இரண்டு, துத்தநாகம் பூசிய தகடு. போர்ஷே 1970களின் நடுவில் 911-க்கும், ஆடி அடுத்த பத்தாண்டில் தன் கார்களுக்கும் இதைக் கொண்டுவந்து பெயர் வாங்கின. மூன்று, பெட்டிகளுக்குள் பீய்ச்சும் மெழுகு. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் வாய்த்தவை கனமும் மேல்பூச்சும். துத்தநாகம் இல்லாத கனத் தகடு தாமதமாக அரிக்கும், அவ்வளவுதான். உடனே யாராவது டெல்லி இரும்புத் தூணை இழுத்துவருவார். அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு காப்புப் படலம் உண்டாயிற்று. கார் தகட்டில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

இனி பணம். "டிங்கரிங் பண்ணிக்கலாம்" என்ற அலட்சியம் முழுமையாகத் தோற்றுப்போவது இங்கேதான்.

இன்ஜின் வேலைக்கு விலை இருக்கிறது. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், ஹெட் வேலை, லேத் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. மெக்கானிக் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார், பெரிதாக மாறாது. அதுவும் வேண்டாமென்றால் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய இன்ஜினே வாங்கி மாட்டலாம். மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஆம்னியிலும் இருந்தது. அதன் உதிரிபாகம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பதே சந்தேகம். மாற்றிய இன்ஜின் நம்பரை முறைப்படித் தெரிவித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

துரு வேலைக்கு விலை கிடையாது. நல்ல டிங்கர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும் சார்" என்பார். நம்மவர்கள் இதை ஏமாற்றுப் பேச்சு என்று நினைக்கிறார்கள். அது அந்தத் தொழிலின் மிக நேர்மையான வாக்கியம். உள்ளங்கை அகல ஓட்டையைச் சுற்றி அடித்துப் பார்த்தால் இத்துப்போன தகடு இன்னும் ஒரு முழம் ஓடும். வெல்டிங் வைப்பதற்கு நல்ல தகடு வேண்டும். நல்ல தகட்டைத் தேடி வெட்டிக்கொண்டே போனால் ஃப்ளோரிலிருந்து ரன்னிங் போர்டுக்கும், அங்கிருந்து கதவுத் தூணின் அடிக்கும் போய்ச் சேரும். அதற்குள் சீட், கார்பெட், வயரிங், சில நேரம் டாஷ்போர்டு, பெட்ரோல் டேங்க் எல்லாம் கழன்றிருக்கும். கழற்றி மாட்டுவதற்குத் தனிக்கூலி. இருபது வருடம் பழகிய பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போது உடையும், அவற்றுக்கு ஓர் அலைச்சல். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள பெயின்ட் கருகும், அதனால் கீழே ஆரம்பித்த வேலை மேலே பெயின்டிங்கில் முடியும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய வண்டியில் முப்பதாயிரம் என்று ஆரம்பித்த துரு வேலை தொண்ணூறாயிரத்தில் வந்து நிற்கிறது. பாதியில் நிறுத்தவும் முடியாது. பிரித்துப்போட்ட வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள். உரிமையாளர் அந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார். இன்ஜின் வேலையில் இப்படிச் சிக்குவது அபூர்வம்.

இவ்வளவு செலவு செய்யப் பயந்துதான் மலிவு வழி பிறக்கிறது. ஓட்டைமேல் தகடு வைத்து நாலு மூலையில் வெல்டிங், மேலே பட்டி, அதன்மேல் பெயின்ட். ஃபைபர் துணியும் பிசினும் வைத்து மூடுகிறவர்களும் உண்டு. இத்துப்போன தகட்டின்மேல் புதுத் தகட்டைப் படியவைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டாகிறது. ஈரம் தங்குவதற்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. கேஸ் வெல்டிங்கின் சூடு பெட்டியின் உள்பக்கத்துப் பெயின்ட்டையும் எரித்துவிடும். அங்கே மறுபடி பூசக் கை நுழையாது. அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த ஒட்டைச் சுற்றியே புதுத் துரு வரும். பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில், சஸ்பென்ஷனோ ஸ்டியரிங்கோ சீட் பெல்ட்டோ பாடியைப் பிடிக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு பலமிழந்து அரித்திருந்தால் வண்டி தேறாது. பட்டியும் ஃபைபரும் வைத்து மூடினாலும் தேறாது. ஒழுங்காக ஓட்டிய வெல்டிங்தான் வேண்டும். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை என்பதால் அந்த ஆபத்து இல்லாமல் போய்விடாது. மோதலின்போது சீட் பெல்ட் இழுக்கும் விசையைத் தாங்க வேண்டியது அந்தத் தகடு. பட்டிக்கு அந்த வேலை தெரியாது.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்ற எண்ணமும் வேண்டாம். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் தேய்மானத்தையும் பழுதடைவதையும் வெளிப்படையாகவே விலக்குகின்றன. துரு அதில் அடக்கம். விபத்தே நடந்தாலும் பத்து வயது தாண்டிய வண்டியின் இரும்புப் பாகத்துக்குப் பாதி மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். டிப்பிரிசியேஷன் இல்லாத பாலிசியைப் பழைய வண்டிக்கு எளிதில் தரவும் மாட்டார்கள்.

எதிர்த்தரப்பிடம் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது. "பாடிதான் கார் என்றால், இத்தனை வருடமாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏன் அதைப் பார்ப்பதில்லை?" பார்க்கிறார்கள், வேறு விதத்தில். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுக்கச் சொல்வார்கள். சேஸே இல்லாத வண்டியில் அந்த நம்பர் எங்கே இருக்கும்? பாடித் தகட்டில்தான் அடித்திருப்பார்கள். அந்தத் தகட்டில் துரு ஏறி எழுத்து அழிந்தால், ஓடுகிற வண்டி காகிதத்தில் இல்லாமல் போய்விடும். வெட்டி வேறு தகடு வைத்தால் திருட்டு வண்டி என்ற சந்தேகம். இன்ஜினை மாற்றிப் பதிந்துகொள்ள வழிவிடும் சட்டம், இந்த நம்பர் இருக்கும் தகட்டை மாற்ற அவ்வளவு எளிதாக விடாது. காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை. தனியார் காரின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000. இவ்வளவு கட்டி ஐந்து வருடம் வாங்கும்போது, அந்த ஐந்து வருடத்துக்குத் தகடு நிற்குமா என்று பார்ப்பதுதான் கணக்கு.

தனிச் சேஸ் உள்ள வண்டி வாங்கினால் தப்பிக்கலாம் என்பதும் அரை உண்மைதான். டொயோட்டாவின் டகோமா பிக்கப்பும் அதன் உறவு வண்டிகளும் கனமான சட்டத்தின்மேல் நிற்பவை. இன்ஜினுக்குப் பெயர்போனவை. அமெரிக்காவில் அந்தச் சட்டங்கள் துளை விழும்வரை அரித்து, வழக்காகி, 2016-இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்குச் சட்டத்தைச் சோதிக்கவும் தேவையானால் மாற்றித் தரவும் கம்பெனி உடன்பட்டது. மொத்தப் பொறுப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள்.

அப்படியானால் துரு கண்டவுடன் வண்டியைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? இல்லை. அது இந்த உபதேசத்தின் மறுமுனையில் நிற்கும் இன்னொரு சோம்பேறித்தனம். துருவில் தரம் உண்டு. மேலோட்டமாகப் பழுப்பேறிய அடிப்பாகத்தைச் சுரண்டி, துருவை மாற்றும் அமிலம் தடவி, பிரைமரும் பூச்சும் கொடுத்தால் பல வருடம் நிற்கும், செலவும் அதிகமில்லை. கதவு, மட்கார்டு, பானட், டிக்கி மூடி ஆகியவை போல்ட்டில் நிற்பவை. இத்துப்போனால் பழைய பாகம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கண்ணுக்கு அசிங்கமே தவிர ஆபத்து குறைவு. ரன்னிங் போர்டு, ஃப்ளோரின் ஓரம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், தூண்களின் அடி, பிரேக் பைப் ஆகியவற்றில் தகடு ஓட்டையாகியிருந்தால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். பானட்டில் ஒரு புள்ளி கண்டால் பதறி முழு பெயின்டிங்குக்கு விடுகிறோம். காலடியில் ஃப்ளோர் மெத்தென்று அமுங்கினால் தடிமனான மேட் வாங்கிப் போடுகிறோம்.

சரிசெய்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நீர் வருகிற வழியை அடைக்க வேண்டும், பிறகுதான் வெல்டிங். ஏ.சி. குழாயைச் சுத்தம் செய்யாமல் புது ஃப்ளோர் வைப்பது பணத்தை அதே ஈரத்தில் ஊறப்போடுவதுதான். வெல்டிங் முடிந்ததும் பெட்டிகளுக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். பழைய டிரைவர்கள் கழிவு ஆயிலை அடித்துவைப்பார்கள்; ரப்பர் புஷ்களைக் கெடுத்தாலும் அதில் ஒரு தொழில் ஞானம் இருந்தது. இன்றைய வாட்டர் சர்வீஸ் கடைகள் விற்பதோ கறுப்பு ரப்பர்க் கோட்டிங். புது வண்டிக்கு, காய்ந்த சுத்தமான தகட்டுக்கு, அது நல்லது. துரு பிடித்த தகட்டின்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. வாங்க வருகிறவரின் கண்ணையும் சேர்த்துப் பூட்டுகிறது. பழைய காரின் அடிப்பாகம் புத்தம்புதுக் கறுப்பாக மின்னினால் நான் சந்தோஷப்பட மாட்டேன். யார், எப்போது, எதற்காக அடித்தார்கள் என்று கேட்பேன்.

இன்ஜினுக்குக் காது கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும் என்கிறேன். இன்ஜின் சரியில்லை என்றால் விலையில் குறைத்துக் கேட்கலாம். தொகை தெரிந்த குறை அது. தகடு இத்திருந்தால் எவ்வளவு குறைப்பது என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தெரியாத தொகைக்கு முன்பணம் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

அடுத்த முறை பழைய கார் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கோடு ஒரு டிங்கரையும் அழைத்துப் போங்கள். அரை நாள் கூலி கொடுங்கள். பக்கத்தில் உள்ள வாட்டர் சர்வீஸ் கடை ராம்ப்பில் வண்டியை ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரன்னிங் போர்டை நீளத்துக்கும் தட்டச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், இத்த தகடு சொத்தென்று அடங்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. ஸ்டெப்னியைத் தூக்குங்கள். கார்பெட்டின் ஓரத்தைப் பிரித்து உள்ளே கைவிட்டு ஈரம் பாருங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், இன்ஜின் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று உரிமையாளர் குறுக்கே வந்தால் விலை பேச வேண்டாம். அந்த இடத்திலேயே வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.